தரைக்கு அடியில்

சரித்திரம் எழுதுகிறவர்கள் பொதுவாக அண்ணாந்து பார்க்கிறவர்கள். கோபுரம் எத்தனை நிலை, கும்மட்டம் எத்தனை அடி, தூண் எந்த நூற்றாண்டு என்றெல்லாம் எழுதி வைப்பார்கள். காலடியில் கிடக்கும் தரையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதில் சித்திரம் பதித்திருக்க வேண்டும்; அல்லது யாராவது ஒரு ராஜா அதன்மேல் குத்துப்பட்டு விழுந்திருக்க வேண்டும். அந்தத் தரைக்கும் அடியில் இருக்கிற தளத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். கண்ணில் படாமல் இருக்கிற வரையில்தான் அதற்கு மரியாதை. கண்ணில் பட்டுவிட்டால், வீட்டுக்காரருக்கு ஏதோ செலவு வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு இந்த விஷயத்தில் சிரத்தை ஏற்பட்டது 1962-ஆம் வருஷம். அப்போது எனக்குப் பத்து வயசு. தஞ்சை ஜில்லாவில் எங்கள் கிராமத்து வீட்டின் கூடத்தில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புத் தளம் இருந்தது. செங்கல்லை இடித்துச் சுண்ணாம்பில் குழைத்துப் போட்ட தளம். பாட்டியின் கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகி, ஊஞ்சலுக்குக் கீழே மட்டும் குழந்தைகள் உந்தி உந்தி லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பிள்ளை வீட்டார் பட்டணத்துக்காரர்கள். அவர்கள் வந்து உட்காரும் கூடத்தில் காவிச் சிமெண்டுத் தரை இருந்தாக வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அந்தக் காலத்தில் சிமெண்டு கடையில் போய் வாங்கிவரும் சரக்கல்ல. சர்க்கார் கட்டுப்பாட்டில் இருந்தது. பெர்மிட் வேண்டும். அப்பா யார் யாரையோ பார்த்து, அலைந்து, சில மூட்டைகளுக்கு அனுமதி வாங்கி வந்தார். அந்தக் காகிதத்தைக் கல்யாணப் பத்திரிகையை விடப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் அப்பா உள்ளே படுத்திருந்தபோது கூடத்தில் உளிச் சத்தம் கேட்டது. மேஸ்திரி ஆளை விட்டுப் பழைய தளத்தைக் கொத்த ஆரம்பித்திருந்தார். அப்பா எழுந்து வந்தார்.

"என்ன மேஸ்திரி, நல்ல தரையை ஏன் உடைக்கிறே?"

"உடைக்கலீங்க ஐயா, கொத்தி விடறேன். பளய தளம் எண்ணெ குடிச்சுக் கெடக்கு. இதும்மேலே அப்படியே போட்டா ஒட்டாது. பூராவும் கொத்தி, கூட்டிப் பெருக்கி, ரெண்டு நாள் தண்ணி குடிக்க விடணும். அப்புறந்தான் மேல்பூச்சு."

"எத்தனை நாள் ஆகும்?"

"கொத்த மூணு நாளு. தண்ணிக்கு ரெண்டு நாளு. போட்டு முடிச்சு ஒரு பத்து நாளாச்சும் ஈரத்திலே கெடக்கணும்."

"பதினோராம் நாள் முகூர்த்தம். கணக்குத் தெரிஞ்சுதான் பேசறியா? நிறுத்து. அப்படியே போடு."

மேஸ்திரி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஐயா சொன்னாச் சரி. பின்னாலே என்னைச் சொல்லப்படாது" என்றார். ஆளைப் பார்த்து உளியை வைக்கச் சொன்னார். அப்போது கூடத்தில் இருந்த நாலாவது ஆசாமி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த நான்தான்.

கல்யாணத்தன்று தரை கண்ணாடி மாதிரி இருந்தது. சம்பந்தி வீட்டு மாமா ஒருவர் அதில் தம் முகத்தைப் பார்த்துத் தலையை ஒதுக்கிக்கொண்டதை நானே கண்டேன். தை பிறந்தபோது நடக்க நடக்க 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த ஆடிக்குள் கூடத்தின் நடுவில் கீறல் விட்டு, ஓரம் தூக்கிக்கொண்டு, இரண்டு இடங்களில் சுட்ட அப்பளம் மாதிரி சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வந்தது. மேஸ்திரிக்கு 22 ரூபாய் கூலி பாக்கி இருந்தது. அப்பா அதைத் தர மறுத்துவிட்டார். "வேலையில் மோசம் பண்ணிட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னார். மேஸ்திரி மூன்று தடவை வந்து திண்ணையோரம் நின்றார். மூன்றாம் தடவை, "தம்பிகூட அன்னிக்கு ஊஞ்சல்லே இருந்திச்சே" என்று என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

பிற்பாடு நான் கதை எழுதப் புறப்பட்டு, புஸ்தகசாலைகளில் வேண்டாத புஸ்தகங்களையெல்லாம் புரட்டும் வழக்கம் வந்தபோது, இந்தத் தரை விவகாரம் என்னைத் தொடர்ந்து வந்தது. விட்ருவியஸ் என்ற ரோமானியரின் நூலை எடுத்தது அதனால்தான். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால், அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் இருந்த கட்டடக் கலைஞர் அவர். சக்கரவர்த்திக்கே சமர்ப்பணம் செய்து பத்துப் பாகங்களில் எழுதியிருக்கிறார். கோயில், அரங்கம், துறைமுகம், போர் யந்திரம் எல்லாம் உண்டு. ஏழாம் பாகத்தில் வீட்டை மெருகிடுவது எப்படி என்று ஆரம்பிக்கிறார். சுவரில் சித்திரம் எழுதுவது, வர்ணம் குழைப்பது எல்லாம் அதில்தான் வருகின்றன. ஆனால் எடுத்த எடுப்பில் அவர் பேசுவது தரைக்கு அடியில் போடும் தளத்தைப் பற்றி! மெருகு வேலைக்கெல்லாம் அதுதான் ஆதி என்கிறார். எங்கள் மேஸ்திரி பக்கத்தில் இருந்தால் 'அப்படிச் சொல்லுங்க' என்றிருப்பார்.

அவர் சொல்லும் முறை இது. முதலில் மண்ணைப் பார். முழுதும் கெட்டியாக இருக்கிறதா என்று சோதித்து மட்டம் பண்ணு. கொட்டி நிரப்பிய மண்ணாக இருந்தால் வெகு ஜாக்கிரதையாகத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கு. அதன்மேல் கல் பரப்பு. ஒவ்வொரு கல்லும் கைப்பிடி நிறையும் அளவுக்குக் குறையக்கூடாது. இது முதல் அடுக்கு. அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும். புது ஜல்லியானால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு; பழைய கட்டடத்தை இடித்து எடுத்த ஜல்லியானால் ஐந்துக்கு இரண்டு. இந்தப் பழைய ஜல்லிக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சக்கரவர்த்தியின் ரோமாபுரியிலும் மனிதர்கள் இடித்த வீட்டின் சாமானைக் கூடையில் அள்ளி வந்து மறுபடியும் உபயோகித்திருக்கிறார்கள். அந்த இரண்டாம் அடுக்கைப் பத்துப் பத்துப் பேராக ஆட்களை நிறுத்தி, மரக் கட்டையால் அடித்து அடித்து, முடிவில் முக்கால் அடி கனத்துக்குக் குறையாமல் நிற்கச் செய்ய வேண்டும். அதன்மேல் மூன்றாம் அடுக்கு: இடித்த ஓட்டுத் தூள் மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆறு விரற்கடைக்குக் குறையாத கனம். அதற்கும் மேலேதான் நாம் அருங்காட்சியகத்தில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்து வியக்கிற சலவைக்கல்லும் சில்லுச் சித்திரமும்.

மாடித் தளத்துக்கு அவர் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. கீழ்த்தளத்துக் குறுக்குச் சுவர் ஏதாவது மேல் தரையின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துக்கொள். நடுவில் கொஞ்சம் இடைவெளி விடு. மரப் பலகை காய்ந்து தொய்யும், சுவரோ தொய்யாது, ஆகவே சுவருக்கு வலமும் இடமும் தரையில் கீறல் விழும் என்கிறார். ஆடாத பொருளின்மேல் ஆடுகிற பொருளைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை எந்தக் கணித சூத்திரமும் இல்லாமல் அந்த மனிதர் கண்டிருக்கிறார். இன்றைக்கும் பெரிய கட்டடங்களில் தரை போடும்போது சுவரோரமாகவும் இடையிடையேயும் மெல்லிய இடைவெளி விடுவது இந்தக் காரணத்தால்தான். சுண்ணாம்பு மரத்தை அரித்துவிடாமல் இருக்கப் பலகைக்கு மேலே பெரணித் தழையோ வைக்கோலோ பரப்பச் சொல்கிறார். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சலவைக்கல்!

அதே பாகத்தில் கிரேக்கர்களின் குளிர்காலச் சாப்பாட்டு அறையைப் பற்றி ஓர் இடம் வருகிறது. தரையை இரண்டடி ஆழம் தோண்டி, இடித்து இறுக்கி, வடிகால் வைத்துச் சாய்வாக ஒரு தளம் போடுவார்களாம். அதன்மேல் அடுப்புக் கரியைக் கொட்டி நன்றாக மிதித்து நிரப்புவார்களாம். கரிக்கு மேலே மணலும் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து அரை அடி கனத்துக்குப் பூசி, கல்லால் தேய்த்துக் கறுப்பாகப் பளபளக்க விடுவார்களாம். விருந்தில் சிந்திய திராட்சை ரசம் விழுந்த மாத்திரத்தில் உலர்ந்துவிடும். பரிமாறுகிற ஆட்கள் வெறுங்காலோடு நடந்தாலும் குளிராது என்று எழுதுகிறார். விருந்தாளிகள் சாய்ந்து படுத்துச் சாப்பிட்ட காலம் அது. தரையில் கால் பட நடந்தவர்கள் பணியாட்கள்தான். அவர்கள் காலைப் பற்றிச் சக்கரவர்த்திக்கு எழுதிய நூலில் ஒரு வரி எழுதியிருக்கிறார் என்பதற்காகவே இவரிடம் எனக்குப் பிரியம் ஏற்பட்டுவிட்டது.

அந்தக் கரியின் வேலை என்ன தெரியுமா? மண்ணில் இருக்கிற ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நுண்ணிய துவாரங்கள் வழியாக மேலே ஏறும். நடுவில் பெரிய பெரிய சந்துகள் உள்ள ஓர் அடுக்கு குறுக்கிட்டால் ஏற்றம் அங்கே அறுந்துபோகும். இன்றைய எஞ்சினியர்கள் கான்கிரீட்டுக்கு அடியில் கருங்கல் ஜல்லி பரப்பி, அதன்மேல் பாலிதீன் விரிப்பது இதற்காகவேதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு ரோமானியர்கள் எல்லாரும் தருமபுத்திரர்கள் என்று நினைத்துவிடக்கூடாது. பழைய ரோமானிய வீடுகளைத் தோண்டிப் பார்த்த ஆராய்ச்சிக்காரர்கள், விட்ருவியஸ் சொன்ன கனத்தில் மூன்று அடுக்கும் இருக்கிற தரை அபூர்வம் என்கிறார்கள். பல இடங்களில் அடுக்குகள் மெல்லியதாக இருக்கின்றன. சில இடங்களில் முதல் அடுக்கே இல்லை. ரோமாபுரியிலும் பதினோராம் நாள் முகூர்த்தங்கள் இருந்திருக்கும் போலிருக்கிறது.

தரையைக் கொண்டாடுவதிலும் அவர்கள் குறைந்தவர்களல்ல. பெர்காமம் என்ற ஊரில் சோசஸ் என்ற கைவினைஞர் ஒரு தரை செய்தாராம். விருந்து முடிந்து கூட்டாமல் விட்ட தரை போல, எலும்பும் பழத்தோலும் நண்டின் காலும் இறைந்து கிடப்பதாகச் சில்லுகளால் பதித்த சித்திரம். பிளினி இதைக் குறித்து வைத்திருக்கிறார். அதைப் பின்பற்றிச் செய்த ஒரு தரை 1833-இல் ரோமாபுரியில் அகப்பட்டு, இப்போது வாத்திகன் காட்சிசாலையில் இருக்கிறது. அதைச் செய்தவர் ஹெராக்ளிட்டஸ் என்று கையெழுத்து வைத்திருக்கிறார். அடியில் கட்டை பிடித்து அடித்த பத்துப் பேர் கையெழுத்து வைக்கவில்லை.

நம் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுத் தூளும் சுண்ணாம்பும் கலந்தால் கல் மாதிரி இறுகும் என்பது நம் கொத்தனார்களுக்கும் கைவந்த வித்தை. சுர்க்கி என்று பெயர். சும்மா சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும். உள்ளே காற்றுப் போகாத இடத்தில் வருஷக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். சுட்ட களிமண் தூளைச் சேர்த்தால் தண்ணீரிலேயே இறுகும். அதிலும் அதிகமாக வெந்த செங்கல் உதவாது. கொஞ்சம் வேக்காடு குறைந்த செங்கல்லின் தூள்தான் நன்றாகப் பிடிக்கும். சூளைக்காரன் கழித்துப் போட்ட கல்லைத் தளம் போடுகிறவர் தேடி எடுத்துப் போவார்.

சென்னையின் பழைய மாடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு சிறு கட்டைகளால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று இதற்கு எஞ்சினியர்களின் புஸ்தகங்களில் பெயர். எப்போது அடிப்பதை நிறுத்துவது? அடித்த கட்டை பதியாமல் துள்ளித் திரும்ப வேண்டும். அதுதான் கணக்கு. அளவுகோல் அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் இருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பார்கள். என் பாட்டி, தன் வீட்டுத் தளம் போட்டபோது அடித்த பெண்களுக்குத் தானே மோர் கரைத்துக் கொடுத்ததாகச் சொல்லுவாள். எத்தனை நாள் என்று கேட்டால், "தயிர்ப்பானை காலியாகிக் காலியாகி..." என்று கையை விரிப்பாள். அப்படி அடித்து முடித்த தளத்தின் மேல்தான் நாங்கள் மூன்று நாளில் சிமெண்டு போட்டோம்.

சிமெண்டு என்பது அவசரக்காரர்களின் சுண்ணாம்பு. லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824 அக்டோபரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்லண்டு என்ற இடத்துக் கட்டடக் கல்லின் நிறம் போல இருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்தார். நம் தேசத்தில் 1904-இல் சென்னையில்தான் முதன்முதலாகக் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்து பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் நிலைத்தது. அதன் பிறகு சுண்ணாம்பு இடிக்கும் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோயிற்று. நாள்கணக்கில் அடிக்க வேண்டியதில்லை. கலந்து கொட்டினால் மறுநாள் நடக்கலாம். இந்த 'மறுநாள் நடக்கலாம்' என்பதில்தான் மனிதர்கள் ஏமாந்தார்கள்.

சிமெண்டு காய்கிறது என்று நாம் சொல்லுகிறோம். வாஸ்தவத்தில் அது காய்வதால் இறுகவில்லை. தண்ணீரோடு ரசாயனமாகச் சேர்ந்து இறுகுகிறது. ஆகவே காயவிடாமல் வைத்தால்தான் பலம். மேஸ்திரி கேட்ட பத்து நாள் ஈரம் அதற்குத்தான். ஆனால் சிமெண்டு சேர்த்துக்கொள்ளும் தண்ணீர் ஏறக்குறைய அதன் எடையில் கால் பங்கு. வேலை சுலபமாக நடக்க வேண்டும் என்று நாம் ஊற்றுவதோ அரைப் பங்கும் அதற்கு மேலும். தண்ணீர் ஏற ஏறக் கான்கிரீட்டின் பலம் குறைகிறது என்பதை 1918-இல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் சோதனை செய்து எழுதினார். மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? மெதுவாக மேலே வந்து ஆவியாக வேண்டும். ஓர் அங்குல கனம் உலர ஒரு மாசம் என்று தொழில்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இறுகிப்போன தளம் உலர்ந்துவிட்டதென்று நினைத்து, மேலே எதையாவது ஒட்டி மூடிவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் சிமெண்டின் காரத்தையும் சுமந்துகொண்டு வந்து பசையைத் தின்றுவிடும்.

ஆளி விதை எண்ணெயிலிருந்து செய்யும் லினோலியம் விரிப்பு இங்கிலாந்தில் 1860-களில் வந்தது. பிரடெரிக் வால்டன் கண்டுபிடித்தது. மரத் தரையின்மேல் அது வருஷக்கணக்கில் உழைத்தது. மண்ணை ஒட்டிய ஈரக் கான்கிரீட்டின்மேல் போட்டால் அந்தக் காரத்தைத் தாங்க மாட்டாமல் கெட்டது. அமெரிக்காவில் இதற்கு மாற்றாகத் தார் கலந்த ஆஸ்பால்ட் ஓடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பிக் குடியிருக்க வீடில்லாமல் திண்டாடினபோது, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், 1947-இல் லெவிட் என்ற குடும்பத்தார் வீடு கட்டத் தொடங்கினார்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு 30-க்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. நாலைந்து வருஷத்துக்குள் 17,000-க்கும் அதிகம். அந்த ஊர் வீடுகளுக்கு நிலவறை இல்லை. அது அங்கே பெரிய புதுமை. தரைமட்டத்தில் ஒரு கான்கிரீட் பலகை; அதற்குள்ளேயே வெந்நீர் ஓடத் தாமிரக் குழாய்; மேலே ஆஸ்பால்ட் ஓடு. மலிவு, வேகம், கதகதப்பு. ஆனால் வருஷங்கள் கழித்து உள்ளே குழாய் ஒழுகினால் தரையை உடைத்தாக வேண்டும். உடைப்பதிலும் ஒரு சங்கடம்: அந்தக் காலத்து ஆஸ்பால்ட் ஓடுகளிலும் அவற்றை ஒட்டின கறுப்புப் பசையிலும் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. சுரண்டினால் தூள் நெஞ்சுக்குள் போகும். ஆகவே பழைய தரையைச் சீர்படுத்த வருகிறவர்களிடம் அங்கே இன்றைக்கும், சோதித்துப் பார்க்காமல் சுரண்டாதே, தேய்க்காதே என்றுதான் சொல்லுகிறார்கள்.

ஈரத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் கைக்கொண்ட உபாயங்களில் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் ஒட்டிவிட வேண்டும். 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், அடியில் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ தளம் இன்னும் உலரவில்லை. இன்னொன்று, கால்சியம் குளோரைடு என்ற உப்பை ஒரு சிறு தட்டில் எடை போட்டு வைத்து மூடி, இரண்டரை மூன்று நாள் கழித்து மறுபடியும் எடை போடுவது. ஏறின எடை தளத்திலிருந்து வந்த ஈரம். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்து வானத்தைக் கணிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கீறலுக்கும் ஒரு பரீட்சை உண்டு. கீறல் செத்ததா, உயிருள்ளதா என்று முதலில் தெரிய வேண்டும். அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டி வைப்பார்கள். சில மாசம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் கீறல் செத்தது. வாயை அகலமாக வெட்டி, தூசி போகத் துடைத்து, அடைத்துவிடலாம். கண்ணாடி உடைந்திருந்தால் அடியில் ஏதோ இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. எதைக் கொண்டு அடைத்தாலும் அது பக்கத்திலேயே வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

எங்கள் கூடத்துத் தரையை மறுபடி போட வசதி வரவேயில்லை. சிமெண்டுக் கட்டுப்பாடு 1982-இல் பாதியும் 1989-இல் முழுதும் நீங்கிற்று. அதற்குள் அப்பா காலமாகிவிட்டார். பெயர்ந்த இடங்களில் அவ்வப்போது யாராவது கொஞ்சம் சிமெண்டை அப்புவார்கள். காவிக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகளோடு, நடந்தால் 'டொக் டொக்' என்று பேசிக்கொண்டு, அந்தத் தரை ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டது. 2013-இல் என் தமையனார் பேரனுக்கு அந்த வீட்டிலேயே கல்யாணம் செய்வதென்று கிளம்பி, புதுசாக டைல்ஸ் போட ஏற்பாடு செய்தார். மறுபடியும் கல்யாணம்! காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்போது நல்ல பசை வந்திருக்கிறது, பழைய தரையின் மேலேயே ஒட்டிவிடலாம் என்றார். தமையனாருக்கும் சம்மதம். எனக்கு என்ன தோன்றிற்றோ, "ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடச் சொல்லுங்கள், அண்ணா" என்றேன்.

வேலைக்கு வந்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். சாக்குக்கட்டி ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு, கையில் கரணையைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். பொள்ளலாகச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் வட்டம் போட்டான். மாடத்தோரம் ஒரு வட்டம். தூணடியில் ஒரு வட்டம். ஊஞ்சல் கொக்கிக்குக் கீழே வந்ததும் ஒரே பெரிய வட்டமாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "தாத்தா, இது பூராவும் போயிடுச்சு. வட்டம் போட்டுப் பிரயோசனமில்லே. எல்லாத்தையும் எடுத்துடணும்" என்றான்.

எடுத்தார்கள். கடப்பாரை வேண்டியிருக்கவில்லை, உளியின் முனையைக் கொடுத்து நெம்பினாலே பலகை பலகையாக வந்தது. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. பழைய தளத்தின் மெருகு அதில் அச்சாகப் பதிந்திருந்தது. ஒட்டினதற்கு அடையாளமே இல்லை. அடியில் தாத்தா காலத்துத் தளம், ஐம்பது வருஷ இருட்டிலிருந்து, பாட்டி பெருக்கி வைத்த மாதிரியே வெளியே வந்தது. ஊஞ்சலுக்குக் கீழே எங்கள் கால் பட்ட பள்ளம் அப்படியே இருந்தது.

பூஜை அறை வாசலுக்குப் பக்கத்து மூலைக்கு வந்தபோது பையன் நின்றுவிட்டான். அங்கே நெம்பினால் வரவில்லை. சம்மட்டி எடுத்து அடித்தான். காவிச் சிமெண்டு தூளாகச் சிதறிற்றே தவிரத் தளத்தை விட்டுப் பிரியவில்லை. ஏறக்குறைய ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். பையன் கையால் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தான்.

"இங்கே மட்டும் கொத்திப் போட்டிருக்காங்க, தாத்தா. உளி வாய் தெரியுது பாருங்க. யாரோ நல்ல வேலைக்காரரு. ஏன் இத்தோட விட்டுட்டாரு?"

தமையனார் என்னைப் பார்த்தார். 1962-இல் அவர் கும்பகோணத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் குனிந்து அந்த உளித் தடங்களை விரலால் தொட்டுப் பார்த்தேன். வரிசை வரிசையாக, ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக, ஒழுங்காக வந்து, கடைசி வரிசை பாதியில் நின்றிருந்தது.